துருவுக்கு நான் எழுதிய காரணம்

பேட்டைத் தொழிற்பேட்டையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். இரும்புச் சாமான்களுக்குக் கறுப்பு ஏற்றும் பட்டறை. கறுப்பு ஏற்றுவது என்றால் பெயின்ட் அடிப்பது இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், யார் கேட்டாலும் "பெயின்ட் கம்பெனியாம்மா?" என்பார்கள். காஸ்டிக் சோடா என்கிற காரமும் உப்பும் கலந்து கொதிக்கிற தொட்டிக்குள் இரும்பை இறக்கினால் அதன் மேல்தோலே மாறிப் போகும். வெளியிலிருந்து எதையும் பூசுவதில்லை. இரும்பே தன் மேல் ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது, எருமை நிறம். துருவும் ஆக்சைடுதான், இதுவும் ஆக்சைடுதான். அது இரும்பைத் தின்னும், இது காக்கும். மேலே எண்ணெய் தடவி வைத்தால் காக்கும் என்று சொல்வதுதான் நியாயம்.

முதலாளியையும் சேர்த்து எட்டுப் பேர். நான் கெமிஸ்ட். பாளையங்கோட்டையில் வேதியியல் படித்துவிட்டு வந்தவள். எனக்குத் தெரியாத கெமிஸ்ட்ரி பேட்டையில் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வேறு கெமிஸ்ட் கிடையாது என்பதுதான் விஷயம். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். தொட்டியின் சூட்டைப் பார்க்கச் சொன்னால் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "தெர்மாமீட்டரு எதுக்கு இருக்கு, அலங்காரத்துக்கா?" என்று கேட்டுவிடுவேன். அதனால் என்னிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை வரிசையாகப் போகும். வருகிற சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், முதலில் அதைப் போக்க வேண்டும். பிறகு ஆசிட் தொட்டி. பழைய துருவையும் சூட்டில் படிந்த கருகலையும் ஆசிட் தின்றுவிட்டு இரும்பை வெள்ளையாக வெளியே கொடுக்கும். பிறகு கறுப்புத் தொட்டி, கழுவல், காற்றடித்துக் காய வைப்பது, கடைசியில் எண்ணெய். ஆசிட் தொட்டியில் மேலப்பாளையத்து பாய் ஒருவர் நின்றார். இருபது வருடமாக அந்தப் புகையில் நின்றவர். காய்ந்த சாமானை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எண்ணெயில் போடுகிற வேலை உவரி அண்ணாச்சிக்கு.

உவரிக்காரர், அதனால் உவரி அண்ணாச்சி. ஐம்பதை ஒட்டிய வயது. கடலில் வளர்ந்தவர். பட்டறைக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. கையுறை போட மாட்டார். போட்டால் விரலுக்குப் பிசிறு தட்டுப்படாது என்பார், அது உண்மைதான். கண்ணால் பார்த்து நான் சரி என்று வைத்த சாமானில் அவர் விரல் நுனியால் ஒரு பிசிறைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைப்பார். அப்போது எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அவர் எடுத்து வைத்தது சரியாகத்தான் இருக்கும்.

ஏன் கடலை விட்டார் என்பதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. அன்று அவர் தம்பியின் நினைவுநாள். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் போனவர்கள். ஒரு காற்றுக் காலத்தில் படகு கவிழ்ந்தது. இவர் படகைப் பிடித்துக்கொண்டார். தம்பியின் கையையும் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

"இனிம தண்ணில கால வைக்கமாட்டேன் மேடம்" என்றார். "மாதாகிட்ட சொல்லிட்டேன். கரையில என்ன வேல கெடச்சாலும் சரி. செத்தாலும் கரையிலதான்."

பேட்டையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறுவார், திங்கட்கிழமை காலை எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். ஊர் வீட்டில் படகு மோட்டார் சத்தம் கேட்குமாம், கடலும் தெரியுமாம். ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் தூங்குவாராம். இதையும் அவர்தான் சொன்னார். நான் "ஓ" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருடம் ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. காற்றாலையின் தலைப்பகுதிக்குள் மாட்டுகிற பின்களும் போல்ட்டுகளும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வேலை குவிந்தது. ஆசிட் தொட்டியில்தான் வேலை தேங்கியது. அதில் ஒரு மருந்து சேர்ப்போம். ஆசிட் துருவை மட்டும் தின்ன வேண்டும், நல்ல இரும்பைத் தின்னக் கூடாது, அதற்கான மருந்து. அதைச் சேர்த்தால் வேலை பைய நடக்கும். நான் யோசித்தேன். மருந்தை நிறுத்தினேன். தொட்டி உடனே வேகம் பிடித்தது. சாமான் கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக வந்தது. முதலாளி ஒரு பின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "வெள்ளி மாதிரி இருக்கேம்மா, இத எதுக்குக் கறுப்பாக்கணும்?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து இன்னொன்றும் செய்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும்போது தொட்டி சும்மா கிடக்கிறதே என்று, போகும் முன் ஒரு கூடை சாமானை ஆசிடில் இறக்கிவிட்டு, சாப்பிட்டு வந்து தூக்கலாம் என்று வழக்கப்படுத்தினேன். அதற்குச் சாப்பாட்டுக் கூடை என்றே பெயர் விழுந்துவிட்டது. பத்து நிமிடம் ஊற வேண்டிய சாமான் முக்கால் மணி நேரம் ஊறியது. பெரிய கருகல் உள்ள சாமான்களைத்தான் அதில் போடச் சொன்னேன். போகப் போக எல்லாச் சாமானும் அதில் போயின. ஒரு நாளைக்கு ஒரு கூடை கூடுதலாக முடிகிறதே, யார் வேண்டாம் என்பார்கள்?

பாய் மட்டும் ஒருநாள் வந்து நின்றார். "மேடம், தொட்டி ரொம்பப் பொங்குது. இப்படிப் பொங்கி நா பாத்ததில்ல."

"பொங்குனாத்தான பாய் அழுக்கு போவும்" என்றேன்.

"அழுக்குப் போன பொறவும் பொங்குதே."

"நீங்க கெமிஸ்ட்ரி படிச்சிருக்கீங்களா பாய்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனாலும் கேட்டேன். அவர் "நமக்கென்னத்துக்கு" என்று போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ராதாபுரத்திலிருந்து மூன்று பெட்டி திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்ததும் முதலாளி ஒரு பின்னை எடுத்து என் மேசை மேல் வைத்தார். கறுப்பின் மேல் புள்ளி புள்ளியாக மஞ்சள் துரு. அம்மை போட்ட முகம் போல இருந்தது.

"என்னம்மா இது? நாம கறுப்பு ஏத்துதோமா, செவப்பு ஏத்துதோமா?"

கறுப்புத் தொட்டியின் சூட்டுக் குறிப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கார அளவு சரி. எண்ணெய் சரி. படலம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற சோதனையையும் செய்தேன், அதுவும் சரி. நான் பார்த்த இடமெல்லாம் நான் ஒழுங்காகச் செய்த இடங்கள். நான் கை வைத்து மாற்றிய ஆசிட் தொட்டியை மட்டும் பார்க்கவில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது, சாமான்தான் வெள்ளி மாதிரி வருகிறதே என்று நினைத்தேன்.

பட்டறையில் பேச்சு வேறு பக்கம் போயிருந்தது. முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. துருக் கை என்று ஒரு பேச்சு இரும்புத் தொழிலில் உண்டு. சிலர் கை பட்டால் இரும்பு தாங்காது, மறுநாளே துருப்பிடிக்கும் என்பார்கள். உவரி அண்ணாச்சியின் உள்ளங்கை எப்போதும் ஈரமாகவே இருக்கும், குளிர்காலத்திலும் வியர்க்கும். எண்ணெயில் போடும் முன் கடைசியாகச் சாமானைத் தொடுகிற வெறும் கை அவருடையதுதான். "கடக்கர ஆளுல்லா. ரத்தமே உப்பா இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை, அதை விட மோசமான காரியம் செய்தேன். அறிவியல்பூர்வமாக நிரூபிக்கிறேன் என்று கிளம்பினேன்.

ஒரு கை அகலத்துக்கு இரும்புத் தகடு வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து மேசை மேல் வைத்தேன். உவரி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "கைய இதுல வைங்க."

"எந்தக் கை மேடம்?"

"சாமான எந்தக் கையில எடுப்பீங்களோ அந்தக் கை."

அவர் உள்ளங்கையை வேட்டியில் நன்றாகத் துடைத்தார். "தொடைக்காதீங்க அண்ணாச்சி" என்றேன். "சும்மா வழக்கம்போல வைங்க." கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்தார். அழுத்தி எடுத்தார். நான் தகட்டை ஒரு பாத்திரத்துக்குள் ஈரத்துணியோடு மூடி வைத்தேன்.

மறுநாள் காலை திறந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு முழுக்கை. ஐந்து விரல்களும், ரேகைகளும் தெரிந்தன. முதலாளி அதைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனார். எல்லாரும் கூடிவிட்டார்கள். "ஏலே, ஆயுள் ரேகை எம்புட்டு நீளம் பாருலே" என்று யாரோ சொல்ல ஒரே சிரிப்பு. அப்போது நானும் சிரித்தேன். உவரி அண்ணாச்சி தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார்.

"எங் கையா இப்படி இருக்கு?" என்றார். யாரிடமும் கேட்கவில்லை.

பெட்டிகளோடு ராதாபுரம் கம்பெனி ஒரு படிவமும் அனுப்பியிருந்தது. அதில் இரண்டு கட்டங்கள் முக்கியம். ஒன்று, குறைக்குக் காரணம். இன்னொன்று, எடுத்த நடவடிக்கை. இரண்டையும் நிரப்பி அனுப்பினால்தான் அடுத்த வேலை தருவார்கள். நான் உட்கார்ந்து நிரப்பினேன். காரணம்: பணியாளரின் கைவியர்வை. நடவடிக்கை: பணியாளர் மாற்றப்பட்டார். தகட்டைப் படம் எடுத்து அதையும் சேர்த்து அனுப்பினேன்.

மாற்றப்பட்டார் என்று எழுதினேனே தவிர, மாற்ற வேறு இடம் எங்களிடம் இல்லை. எல்லா வேலையிலும் இரும்பைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். கையுறை போடட்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. நிரூபித்தவளே எதற்கு இறங்கிப் போக வேண்டும் என்ற எண்ணம். முதலாளி நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே இல்லை. "உம்ம மேல தப்பு சொல்லல வே. ஒடம்பு வாகு. நீரு என்ன செய்வீரு? பார்ட்டி கேக்கான், நா என்ன செய்ய?" என்றார்.

"சரி மொதலாளி" என்றார் உவரி அண்ணாச்சி.

குழாயடியில் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கை கழுவினார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். வாசலில் பெரிய இரும்புக் கேட். கையை வைக்காமல் முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அங்கே நின்ற எல்லாரும் அதைப் பார்த்தோம்.

அவர் இடத்தில் நானே உட்கார்ந்தேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, சாமான் சாமானாக எடுத்துப் பார்த்து எண்ணெயில் போட்டேன். என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு உறுதி. மூன்று வாரம் கழித்து ராதாபுரத்திலிருந்து போன் வந்தது. நான் கையுறை போட்டுப் பார்த்து அனுப்பிய பெட்டியிலும் துரு. அதே புள்ளி, அதே மஞ்சள்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம். மேசை இழுப்பறையை இழுத்து அறைந்து சாத்தினேன். பிறகு உட்கார்ந்தேன். இன்னொரு தகடு வெட்டித் தேய்த்து, துடைத்து, என் கையை அதில் வைத்து எடுத்தேன். ஈரத்துணியோடு மூடினேன்.

மறுநாள் திறந்தேன். என் கை. ஐந்து விரல்களும், ரேகைகளும் தெரிந்தன. அவருடையதை விடக் கொஞ்சம் அழுத்தமாகக்கூட இருந்தது.

யார் கையை வைத்தாலும் துருப்பிடிக்கும். கழுவித் துடைத்த வெறும் இரும்பில், ஈரத்துணிக்குள் ஒரு இரவு வைத்தால் பச்சைக் குழந்தையின் கையும் துருவாகத்தான் தெரியும். ஒன்றைச் சோதித்தால் பக்கத்தில் ஒப்பிட இன்னொன்றை வைக்க வேண்டும் என்பது கல்லூரியில் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது. நான் ஒரு கையை மட்டும் சோதித்தேன். யார் கை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதால், இன்னொரு கை தேவை என்றே எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. தகட்டை யாரும் பார்க்கும் முன் ஆசிட் தொட்டிக்குள் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் அந்தத் தொட்டியைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற தொட்டிதான், ஆனால் அன்றுதான் நின்று பார்த்தேன். சாப்பாட்டுக் கூடை உள்ளே இருந்தது. தகடு அடியில் போய் விழுந்ததும் அதன் மேலும் குமிழி கிளம்பியது. பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"நா அன்னைக்கே சொன்னேம்லா மேடம்" என்றார். கேலி இல்லை.

"சொன்னீங்க பாய்" என்றேன்.

இதற்கு மேல் கெமிஸ்ட்ரி கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிட் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வருகிறது. பொங்குவது அதுதான். ஹைட்ரஜன் இரண்டு இரண்டாகச் சேர்ந்தால் குமிழியாகி மேலே போய்விடும். ஆனால் சேர்வதற்கு முன் தனித்தனியாக இருக்கும் ஒரு கணத்தில், அதில் ஒரு பங்கு மேலே போகாமல் இரும்புக்குள் நுழைந்துவிடும். உலகத்திலேயே சின்ன அணு அது, இரும்பு அதற்குக் கதவு திறந்த வீடு. துரு போன பிறகும் வெறும் இரும்பை ஆசிடில் ஊற வைத்தால் ஹைட்ரஜன் நுழைந்துகொண்டே இருக்கும். மருந்து அதைக் கட்டுப்படுத்தியது. அதை நிறுத்தியது நான். நேரத்தை நாலு மடங்காக்கியதும் நான்.

இப்படி ஹைட்ரஜன் நிறைந்த இரும்பின் மேல் கறுப்புப் படலம் ஏறினால், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. நிறம் அதேதான். சோதனையும் தேறிவிடும். ஆனால் படலத்தின் உள்கட்டு சரியாக அமைவதில்லை. உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் நாளாக ஆகப் படலத்தின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வருகிற வழியில் ஆக்சைடைக் கலைத்துவிட்டு வருகிறது. நுண்ணிய குறைகள் கூடுகின்றன. கடற்காற்றில் வருகிற உப்பு அந்தக் குறைகளைத் தேடித்தான் உட்காரும். ராதாபுரத்துக் காற்றில் உப்புக்குப் பஞ்சமா என்ன? ஒரு புள்ளியில் படலம் உடைந்தால் போதும், இரும்பு அங்கிருந்து குழிவிழத் தொடங்கும்.

இதையும் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது என்று இந்த முறை ஒழுங்காகச் சோதித்தேன். ஒரே கம்பியில் வெட்டிய பின்களை மூன்று பங்காகப் பிரித்தேன். முதல் பங்கை மருந்து சேர்த்த ஆசிடில் பத்து நிமிடம் வைத்தேன். மற்ற இரண்டு பங்கையும் சாப்பாட்டுக் கூடையைப் போலவே ஊற வைத்தேன். ஊறியவற்றில் ஒரு பங்கை மட்டும், கறுப்பு ஏற்றும் முன் அடுப்பில் வைத்து நாலு மணி நேரம் சுட்டேன். சூட்டில் ஹைட்ரஜன் வெளியே போய்விடும். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியில் கறுப்பு ஏற்றி, கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, உப்புத் தண்ணீர் தெளித்து வைத்தேன். ஊறியும் சுடாத பங்குதான் முதலில் புள்ளி போட்டது, அதில் அம்மை போல நிறைந்துவிட்டது. ஊறிச் சுட்ட பங்கில் அங்கொன்றும் இங்கொன்றும் வந்தது. பத்து நிமிடப் பங்கில் அதற்குள் ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஹைட்ரஜன் ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதிக நேரம் ஊறினால் மேல்பரப்பும் சொரசொரப்பாகும், அதுவும் கெடுதல்தான். ஆனால் இரண்டு பங்கும் ஒரே மாதிரி ஊறியவை, சுட்டதும் சுடாததும்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் கண்ணெதிரே கிடந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஹைட்ரஜன் உள்ளே போகிறது, படலம் பலவீனமாகிறது, மருந்தை மறுபடி சேர்க்க வேண்டும், சாப்பாட்டுக் கூடை கூடாது. அவர் பின்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். "படிச்ச படிப்பு வீண் போவல." நான் செய்ததால்தான் வந்தது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அது பெரிதாகப் படவில்லை. நானும் அதைப் பெரிதாக்கவில்லை. ராதாபுரத்துக்குத் திரும்பவும் படிவம் நிரப்பினேன். காரணம்: அமிலத் தொட்டியில் நேரம் கூடியதால் ஹைட்ரஜன் உட்புகுதல். நடவடிக்கை: முறை மாற்றப்பட்டது. அவர்களும் பாராட்டிப் பதில் போட்டார்கள். முன்பு அனுப்பிய படிவத்தின் நகல் கோப்பில் அதற்கு அடியிலேயே இருந்தது. அங்கே ஆள் மாற்றப்பட்டார், இங்கே முறை மாற்றப்பட்டது. இரண்டும் என் கையெழுத்து.

"உவரிக்காரருக்குப் போனப் போட்டு வரச் சொல்லும்மா" என்றார் முதலாளி. போட்டேன். "உங்க கையில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, வேலைக்கு வாங்க" என்றேன். அந்தப் பக்கம் காற்று இரைச்சல். "பாப்போம் மேடம்" என்று வைத்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை போனது, இரண்டாவதும் போனது. அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திசையன்விளை பஸ் பிடித்து, அங்கிருந்து மாறி உவரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், ஆள் வீட்டில் இருப்பார் என்று கணக்கு. இருந்தார். வாசல் நிழலில் வலையை விரித்து அறுந்த இடங்களைப் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். பிளாஸ்டிக் நாற்காலி. அவர் மனைவி காப்பி கொடுத்தார்.

"நீங்கதான் அந்த மேடமா?" என்றார். "நல்லா வந்திய. இவரு கடலுக்குப் போயிட்டு வாராரு. மூணு வாரமாச்சி. படகுல ஏறுதப்பம் கண்ண மூடிக்கிடுதாராம். திரும்பி வந்தா ராத்திரி பூரா ஒக்காந்தே கெடக்காரு. வீட்டுல அருவாமனய எடுத்துத் தாங்கன்னா தொட மாட்டேங்காரு. படகுல மோட்டாரத் தொட மாட்டேங்காரு. நீங்களாவது சொல்லுங்கம்மா."

"சும்மா இருளா" என்றார் அண்ணாச்சி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிட், குமிழி, உள்ளே போகிற ஹைட்ரஜன், கறுப்புப் படலம். யாருக்கும் நான் அவ்வளவு பொறுமையாக எதையும் சொன்னதில்லை. அவர் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், யார் கையை வைத்தாலும் தகடு அப்படித்தான் ஆகும், நான் வைத்துப் பார்த்தேன் என்றேன்.

"ஒங்க கையும் அப்படியே விழுந்திச்சா?"

"அப்படியே விழுந்தது அண்ணாச்சி."

"அத எல்லாரும் பாத்தாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன்.

அவர் வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, "தொட்டில நேரத்தக் கூட்டுனது யாரு மேடம்? பாயா?" என்று கேட்டார்.

"பாய் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கூட்டுனேன்."

"அப்பம் ஒங்கள நிறுத்தலையா?"

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை பேசுவது எனக்குக் கைவந்த கலை. "இல்ல அண்ணாச்சி" என்றேன். அவர் சரி என்பது போலத் தலையை ஆட்டினார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "நாளைக்கிப் பொறப்படணும்லா? எத்தன மணிக்கு எழுப்ப?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஆசை எனக்குக் கேட்டது. "பேட்டைக்குத்தான?"

"கடலுக்கு" என்றார் அண்ணாச்சி.